கைக்குழந்தையும் விமானச் சீட்டும்

பிறந்து மூன்று மாதமே ஆன குழந்தைக்கு அடையாளச் சான்று எதற்கு? தாயின் தோளில் உறங்கும் சிசுவை வேறு எவரோ என்று எண்ணிவிடுவார்களா? வைட்ஃபீல்டில் நாங்கள் வசிக்கும் குடியிருப்பில் இக்கேள்வியை என்னிடம் கேட்டவர் பலர். மத்திய அரசு அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பாளனாக இருப்பவனுக்கு அரசாங்கச் சுற்றறிக்கைகள் யாவும் மனப்பாடம் என்பது அக்கம்பக்கத்தாரின் நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு நான் முற்றும் தகுதியுடையவன் அல்லேன். எனினும், இந்த ஒரு பொருளைப் பற்றிச் சற்று ஆராய்ந்து பார்க்கும்படி நேர்ந்தது. அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன்.

வைட்ஃபீல்ட் பெங்களூரின் கிழக்கு எல்லையில் உள்ளது. 1882-ஆம் ஆண்டில் மைசூர் மகாராஜா சாமராஜ உடையார் அளித்த நிலத்தில், யூரேசிய, ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களுக்கென்று தோன்றிய சிற்றூர் இது. அக்குடியேற்றத்திற்கு முன்னின்ற டி. எஸ். ஒயிட் என்பவரின் பெயரையே ஊர் தாங்கி நிற்கிறது. தோட்டங்களும் ஓட்டு வீடுகளும் இருந்த இடத்தில் இன்று கணிப்பொறி நிறுவனங்களின் கட்டடங்கள் எழுந்துள்ளன. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து குடியேறிய இளந்தம்பதியர் இங்கே மிகுதி. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கத்தை அவர்களும் விட்டுவிடவில்லை. ஆகவே மதுரை, கோயமுத்தூர், சென்னை ஆகிய ஊர்களிலிருந்து பச்சிளங்குழந்தையோடு விமானத்தில் வந்திறங்கும் தாய்மாரை எங்கள் தெருவில் ஆண்டு முழுவதும் காணலாம்.

2008-ஆம் ஆண்டு மே மாதம் வரை எங்களுக்கு விமான நிலையம் பக்கத்திலேயே இருந்தது. எச்.ஏ.எல். நிலையத்திற்கு ஆட்டோவில் போய்விடலாம். எதையேனும் மறந்துவிட்டால் வீட்டிலிருந்து ஒருவர் கொண்டுவந்து கொடுத்துவிடலாம். அம்மாதத்தில் தேவனஹள்ளியில் புதிய நிலையம் திறக்கப்பட்டது. இன்று கெம்பேகௌடாவின் பெயர் பெற்றுள்ள அந்நிலையம் வைட்ஃபீல்டிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. காலை வேளையில் சாலை நெரிசலில் சென்று சேர ஒன்றரை மணிக்கும் மேலாகலாம். பீரோவில் மறந்து வைத்துவிட்ட ஒரு காகிதத்தை எடுத்துவருவதற்குள் விமானம் சென்னையில் இறங்கியிருக்கும். எந்தக் காகிதம் வேண்டும், எங்கே வேண்டும் என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பது எங்கள் ஊராருக்கு இன்றியமையாததாயிற்று.

விமானப் பயணத்தில் இரண்டு வாயில்கள் உண்டு என்று கொள்வோம். ஒவ்வொன்றிலும் கேட்கப்படும் வினா வேறு. இவ்வேறுபாட்டை உணராமையே குழப்பம் அனைத்திற்கும் மூலம்.

முதலாவது, நிலையக் கட்டடத்தின் தலைவாயில். அங்கே நின்று சோதிப்பவர் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர். 1999 டிசம்பரில் காட்மாண்டுவிலிருந்து டில்லிக்குப் புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் கடத்தப்பட்டுக் காந்தஹாருக்குக் கொண்டு செல்லப்பட்டதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பின், 2000-ஆம் ஆண்டு முதல், நம் நாட்டு விமான நிலையங்களின் காவல் படிப்படியாக இப்படையிடம் ஒப்படைக்கப்பட்டது. இவர்கள் அறிய விரும்புவது ஒன்றே: சீட்டில் எழுதியுள்ள பெயருக்கு உரியவர்தாமா எதிரே நிற்பவர்? பல நாடுகளில் நிலையக் கட்டடத்துள் எவரும் தடையின்றி நுழையலாம். சோதனை உள்ளேதான் நடைபெறும். அமெரிக்காவில், உள்நாட்டுப் பயணம் செய்யும் 18 வயது நிரம்பாதவரிடம் பாதுகாப்புத் துறையினர் அடையாளச் சான்றே கேட்பதில்லை. நம் நாட்டில் வாயிற்படியிலேயே கேள்வி தொடங்கிவிடுகிறது.

இவ்வாயிலுக்குரிய விதியை வகுப்பது விமானப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம். 1978-ஆம் ஆண்டில் ஒரு சிறு பிரிவாகத் தொடங்கி, 1987 முதல் தனித்துறையாக இயங்கிவருவது அது. 2017 அக்டோபரில் அப்பணியகம் வெளியிட்ட ஆணையில் 10 வகைச் சான்றுகள் குறிக்கப்பட்டன. பாஸ்போர்ட், வாக்காளர் அட்டை, ஆதார், நிரந்தரக் கணக்கு எண் அட்டை, ஓட்டுநர் உரிமம் முதலியவை யாவரும் அறிந்தவை. புகைப்படம் ஒட்டிய வங்கிக் கணக்குப் புத்தகமும் ஓய்வூதிய அட்டையும் செல்லும் என்பது பலருக்குத் தெரியாது. பத்தில் ஒன்றும் கைவசம் இல்லாதவர் உயர்நிலை அரசு அதிகாரி ஒருவரிடமிருந்து புகைப்படத்தோடு கூடிய சான்றிதழ் பெற்றுவரலாம் என்றும் வழி வைத்திருக்கிறார்கள். குழந்தைகளைப் பற்றிய விதி அதே ஆணையில் தெளிவாக உள்ளது. தக்க சான்று வைத்திருக்கும் பெற்றோருடன் வரும் கைக்குழந்தைக்கும் சிறாருக்கும் தனியே அடையாளச் சான்று தேவையில்லை.

ஆகவே தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது போலத் தோன்றும். தாயின் தோளில் உறங்கும் சிசுவை யார் என்று தலைவாயிலில் எவரும் கேட்பதில்லை. தாய் யார் என்று மட்டுமே கேட்கிறார்கள்.

இரண்டாவது வாயில் விமான நிறுவனத்தின் முகப்பு மேசை. பெட்டிகளை எடைபோட்டு, இருக்கைச் சீட்டு வழங்கும் இடம் அது. அங்கே எழுப்பப்படும் வினா, குழந்தைக்கு வயது என்ன என்பது. இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் தனி இருக்கை இல்லை. பெரியவர் ஒருவரின் மடியில் இருந்து சிறு கட்டணத்தில் பயணம் செய்யலாம். இரண்டு வயது நிறைந்துவிட்டால் தனி இருக்கை வேண்டும். கட்டணமும் பெரியவருக்குரியதை நெருங்கிவிடும். ரயிலில் ஐந்து வயது வரை சீட்டில்லாமல் அழைத்துச் சென்று பழகிய நமக்கு இந்த இரண்டு வயது என்னும் வரம்பு சற்றுக் கடுமையாகத் தோன்றுவது இயல்பே.

மொழிபெயர்ப்பாளனின் இடைச்செருகல் ஒன்றை நேயர்கள் பொறுத்தருள வேண்டும். தமிழில் 'குழந்தை' என்னும் ஒரு சொல், தொட்டிலில் கிடப்பதையும் பள்ளிக்கு ஓடுவதையும் சேர்த்தே குறிக்கும். விமானத் துறையாரோ இரண்டு வயதுக்குக் கீழ் ஒரு பெயர், இரண்டு முதல் பன்னிரண்டு வரை மற்றொரு பெயர் என்று வகுத்திருக்கிறார்கள். சட்டம் பதினெட்டு வரைக்கும் வேறொரு பெயர் வைத்திருக்கிறது. மூன்றையும் 'குழந்தை' என்றே மொழிபெயர்த்துவிட்டால் ஆணை பொருளற்றதாகிவிடும். 'கைக்குழந்தை' என்ற நம் வழக்குச் சொல் முதல் வகைக்கு வெகு பொருத்தமாக அமைந்தது. பிள்ளைத்தமிழுக்கு இலக்கணம் கூறிய பாட்டியல் நூலாரும் மூன்றாம் திங்கள் முதல் இருபத்தொன்றாம் திங்கள் வரையுள்ள காலத்தையே பத்துப் பருவங்களாக வகுத்தனர். இரண்டு வயதுக்கு உட்பட்ட காலம் தனியானது என்பதில் பாட்டியலாரும் விமானத் துறையாரும் ஒன்றுபடுகிறார்கள்!

வயதைக் கேட்பது கட்டணத்துக்காக மட்டும் என்று எண்ணிவிடலாகாது. மடியில் இருக்கும் குழந்தைக்குத் தாயின் இடைவாரோடு இணைக்கும் சிறு வளையவார் ஒன்று தருகிறார்கள். கைக்குழந்தைக்குரிய மிதவைச் சட்டையும் தனியாக உண்டு. மூன்று இருக்கைகள் கொண்ட வரிசைக்கு மேலே பெரும்பாலும் நான்கு பிராணவாயு முகமூடிகள் பொருத்தப்பட்டிருக்கும். நான்காவது, மடியிலுள்ள குழந்தைக்காக. ஒரே வரிசையின் ஒரே பக்கத்தில் இரண்டு கைக்குழந்தைகள் அமர்ந்தால் ஒரு முகமூடி குறைந்துவிடும். இதனாலேயே ஒரு பெரியவருக்கு ஒரு கைக்குழந்தை என்ற அளவும், ஒரு விமானத்தில் இத்தனை கைக்குழந்தைகள் என்ற வரம்பும் வைத்திருக்கிறார்கள். எத்தனை உயிர்கள் உள்ளே இருக்கின்றன என்ற கணக்கு புறப்படும் முன்னரே விமானியிடம் இருக்க வேண்டும். மடியிலிருக்கும் குழந்தையும் அக்கணக்கில் ஓர் உயிரே.

1989 ஜூலை 19-ஆம் நாள் அமெரிக்காவின் சூ சிட்டி நகரில் யுனைடெட் நிறுவனத்தின் விமானமொன்று இயந்திரக் கோளாற்றால் அவசரமாகத் தரையிறங்க முயன்று உடைந்து தீப்பற்றியது. அதில் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் நால்வர் மடிப்பயணிகளாக இருந்தனர். அவர்களுள் ஒருவர் உயிரிழந்தார். குழந்தைகள் யாவருக்கும் தனி இருக்கையைக் கட்டாயமாக்க வேண்டும் என்ற கோரிக்கை அதன் பின் வலுத்தது. நெடுங்காலம் ஆராய்ந்த அமெரிக்க விமானத் துறை 2005-இல் அக்கோரிக்கையை ஏற்காமல் விட்டது. கட்டணம் கூடினால் குடும்பங்கள் காரில் செல்லத் தலைப்படும்; சாலையில் நேரும் ஆபத்து அதைவிட அதிகம் என்பது அத்துறை காட்டிய காரணம். இக்காரணம் சரிதானா என்று இன்றும் வாதிடுகிறார்கள். என்னளவில், வசதியுள்ளவர் தனி இருக்கை வாங்குவதே மேல் என்று சொல்வேன்.

இனி, இதையெல்லாம் நான் ஆராய நேர்ந்த கதைக்கு வருகிறேன்.

என் தமக்கையின் மகள் வைட்ஃபீல்டில் எங்களுக்கு அடுத்த தெருவில் வசிப்பவள். தலைப்பிரசவத்துக்கு மதுரை சென்றிருந்தாள். குழந்தைக்கு மூன்றாம் மாதம் நடக்கையில் கணவன் சென்று அழைத்துவரப் புறப்பட்டான். 'பெற்றோருடன் செல்லும் குழந்தைக்குச் சான்று எதுவும் வேண்டாம்' என்று அவளுக்கு எவரோ சொல்லியிருந்தார்கள். சொன்னது பொய்யன்று, தலைவாயிலில் அவ்வாறே நடந்தது. பாதுகாப்புப் படை வீரர் தாய் தந்தையரின் அட்டைகளைப் பார்த்துவிட்டு, குழந்தையைப் பார்த்துச் சிரித்து உள்ளே அனுப்பிவிட்டார். முகப்பு மேசையில்தான் தடை. குழந்தையின் வயதுக்குச் சான்று எங்கே என்றார் அங்கிருந்த பெண். குழந்தையைப் பார்த்தாலே தெரியவில்லையா என்று என் மருமகள் கேட்டிருக்கிறாள். "எனக்குத் தெரிகிறது, அக்கா, நான் எழுதி வைக்க வேண்டிய ஏட்டுக்குத் தெரிய வேண்டுமே" என்று அப்பெண் பணிவாகவே சொன்னாளாம். சான்று காட்டாவிட்டால் குழந்தைக்கும் முழுக் கட்டணம் செலுத்தும்படி நேரும் என்றும் தெரிவித்தாள்.

எனக்குத் தொலைபேசி வந்தது. "மாமா, வேண்டவே வேண்டாம் என்றார்களே, இப்போது கேட்கிறார்களே!" என்று அழாக் குறையாகப் பேசினாள். நல்லவேளையாக அது மதுரை. வீடு நிலையத்திலிருந்து அதிகத் தொலைவில்லை. என் அத்தான் பீரோவிலிருந்த பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் பறந்து வந்து சேர்ந்தார். அப்போதுதான் மற்றொன்று வெளிப்பட்டது. சான்றிதழில் குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது! விமானச் சீட்டிலோ பெயர் எழுதப்பட்டிருந்தது. அப்பெண் சிறிது நேரம் இரண்டையும் ஒத்துப் பார்த்தாள். பிறந்த தேதி இருந்தது; தாய் தந்தையர் பெயர்கள் அவர்களுடைய அட்டைகளோடு பொருந்தின. அவளுடைய கேள்வி வயதைப் பற்றியது; அதற்கு விடை கிடைத்துவிட்டது. ஏற்றுக்கொண்டாள். இதுவே தேவனஹள்ளியில் நேர்ந்திருந்தால் ஸ்கூட்டரால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை.

பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான் காட்ட வேண்டும் என்பதில்லை. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது தரும் சீட்டு, தடுப்பூசி அட்டை, குழந்தையின் பாஸ்போர்ட் ஆகியவற்றையும் நிறுவனங்கள் பொதுவாக ஏற்கின்றன. இவை நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று மாறுபடும். பிறந்து எத்தனை நாள் ஆன பின் ஏற்றிக்கொள்வார்கள் என்பதும் அவ்வாறே. சில நாட்களே ஆன சிசுவாயின் மருத்துவரின் சான்றும் கேட்பார்கள். எனினும், இவை அனைத்திலும் உறுதியானது பிறப்புச் சான்றிதழே. அதைப் பெறும் முறையைச் சற்று விரிவாகச் சொல்வது பயன்படும்.

1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, பிறப்பு எங்கே நிகழ்ந்ததோ அந்த ஊரின் பதிவாளரிடமே பதிவு செய்ய வேண்டும். பெற்றோர் வசிக்கும் ஊர் எதுவென்பது பொருட்டன்று. மதுரையில் பிறந்த குழந்தையை வைட்ஃபீல்டில் பதிவு செய்ய இயலாது. மருத்துவமனையில் பிறந்தால் மருத்துவமனையாரும், வீட்டில் பிறந்தால் குடும்பத் தலைவரும் 21 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். உரிய காலத்தில் பதிவாயின் முதற் சான்றிதழுக்குக் கட்டணம் இல்லை. 30 நாள் வரை தாமதமாயின் ஒரு சிறு கட்டணம். அதற்கும் மேற்பட்டால் மேலதிகாரியின் அனுமதி. ஓராண்டு கடந்துவிட்டால் மாவட்ட ஆட்சியரிடமோ அவருக்குக் கீழுள்ள நடுவரிடமோ ஆணை பெற வேண்டும். தாய்வீட்டில் பிரசவம் முடிந்து, பதிவை எவரும் கவனியாமல், தாயும் சேயும் வேற்று மாநிலம் சென்றுவிட்டால் இந்த அலைச்சல் அனைத்தும் மதுரைக்கும் பெங்களூருக்கும் இடையே நிகழும். சான்றிதழின் படியை இணையத்தின் வாயிலாகப் பெற இன்று இரு மாநிலங்களிலும் வசதி உள்ளது. ஆனால் பதிவே இல்லாததற்குப் படி எங்கிருந்து வரும்?

பெயரின்றியும் பிறப்பைப் பதியலாம் என்பது சட்டம் காட்டும் இரக்கம். நம்மவர் பதினோராம் நாளோ பதினாறாம் நாளோ, சில குடும்பங்களில் இன்னும் பின்னரோ பெயர் சூட்டுவது வழக்கம். மருத்துவமனையார் அதுவரை காத்திருக்க மாட்டார்கள். ஓராண்டுக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளலாம். தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை சேர்க்கலாம். 'பின்னர்ப் பார்த்துக்கொள்வோம்' என்று விட்டு, பள்ளியில் சேர்க்கும் நாளில் நினைவுக்கு வருவதே பெரும்பாலான வீடுகளில் நடப்பது. 2023 அக்டோபர் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, அன்று முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், ஆதார் முதலியவற்றில் பிறந்த நாளுக்கும் இடத்துக்கும் இந்தச் சான்றிதழே ஆதாரம். விமானத்துக்கு எடுத்துவைத்த காகிதம் வாழ்நாள் முழுதும் உடன்வரப் போகிறது.

பெயரில் நம்மவருக்கு மேலும் ஒரு தொல்லை உண்டு. தமிழர் பெயருக்கு முன் தந்தையின் முதலெழுத்து நிற்கும், குலப்பெயர் இல்லை. விமானச் சீட்டுப் படிவமோ முற்பெயர், பிற்பெயர் என்று இரண்டு கட்டங்களைக் காட்டி, பின்னதை நிரப்பினாலன்றி மேலே செல்ல விடாது. ஒருவர் தந்தையின் முழுப்பெயரை எழுதுகிறார். மற்றொருவர் குழந்தையின் பெயரையே இருமுறை எழுதுகிறார். ஆங்கில எழுத்தில் 'த'கரத்தை எப்படி எழுதுவது என்பதில் ஒரே குடும்பத்துக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. மருத்துவமனை எழுத்தர் ஒரு விதமாகவும், சீட்டு வாங்கிய தந்தை மற்றொரு விதமாகவும் எழுதினால், சான்றில் ஒரு குழந்தை, சீட்டில் வேறொரு குழந்தை என்றாகிவிடும். சான்றிதழை எதிரே வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடி எழுத்தெண்ணிச் சீட்டில் பதிவதே இதற்கு நானறிந்த மருந்து.

ஆதாரைப் பற்றியும் கேட்கிறார்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு நீல நிற அட்டை வழங்கப்படுகிறது. அதற்குக் கைரேகையும் கண் பாவையின் பதிவும் எடுப்பதில்லை. தாய் அல்லது தந்தையின் ஆதாரோடு இணைத்து, ஒரு புகைப்படத்தோடு தருகிறார்கள். ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் புதுப்பிக்க வேண்டும். ஏழு வயதுக்குப் பின்னும் புதுப்பிக்காமல் விட்டால் எண் செயலிழக்கக் கூடும். ஆறு மாதத்தில் எடுத்த படத்தைக் காட்டி நான்கு வயதுப் பையனை 'இவனே அவன்' என்றால், நம்புவதற்குப் பாதுகாப்பு வீரருக்குச் சற்றுப் பெருந்தன்மை வேண்டும்.

இனி ஒன்று, எங்கள் ஊருக்கு இதுவே முக்கியமானது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குச் செல்லும் வீடுகளில், கோடை விடுமுறைக்குக் குழந்தையைத் தாத்தா பாட்டியே ஊருக்கு அழைத்துச் செல்கிறார்கள். ஆணையில் உள்ள சலுகை, பெற்றோருடன் வரும் குழந்தையைப் பற்றியது. தாத்தாவும் பாட்டியும், மாமனும் சித்தியும் அச்சொல்லுள் அடங்கமாட்டார்கள். அப்போது குழந்தைக்கும் தனிச் சான்று வேண்டும். ஆதாரோடு பிறப்புச் சான்றிதழையும் எடுத்துச் செல்வதோடு, பெற்றோர் கையெழுத்திட்ட ஒரு கடிதமும், அவர்களுடைய அட்டைகளின் நகலும், உடனே எடுத்துப் பேசும்படியான தொலைபேசி எண்ணும் வைத்திருப்பது விவேகம்.

'என் பேரனுக்கு நான் சான்று காட்ட வேண்டுமா?' என்று எங்கள் குடியிருப்பில் ஒரு பெரியவர் மிகவும் மனம் வருந்தினார். அவர் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் வாயிலில் நிற்பவரின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பேசத் தெரியாத குழந்தை, தன்னைத் தூக்கிச் செல்பவர் யார் என்று சொல்லாது. நகரங்களில் குழந்தை கடத்தல் நடவாமல் இல்லை. விமானம் இரண்டு மணி நேரத்தில் நாட்டின் மறுகோடியில் இறக்கிவிடும். அன்பான தாத்தாவுக்கும் கடத்துபவனுக்கும் வேற்றுமை முகத்தில் எழுதியிருப்பதில்லை. என்னைக் கேட்டால், இவ்விடத்தில் கேள்வி இன்னும் சற்று அழுத்தமாகவே இருக்கலாம் என்பேன். இதை அப்பெரியவரிடமும் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு நகல் எடுக்கும் கடை எங்கே என்று விசாரித்தார்.

தனியே செல்லும் குழந்தைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து முதல் பன்னிரண்டு வயது வரையுள்ளோரைப் பணியாளர் பொறுப்பில் அழைத்துச் செல்லும் ஏற்பாடு பல நிறுவனங்களில் உண்டு. அனுப்புபவர் பெயரையும் அழைத்துச் செல்பவர் பெயரையும் படிவத்தில் எழுத வேண்டும். அந்த ஊரில் வந்து நிற்பவர் தம் சான்றைக் காட்டினால்தான் குழந்தையை ஒப்படைப்பார்கள். உடன் செல்லும் பெற்றோருக்கு 2024 ஏப்ரலில் ஒரு நன்மை கிட்டியது. பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கு, ஒரே சீட்டில் பயணம் செய்யும் தாய் தந்தையருள் அல்லது காப்பாளருள் ஒருவருக்குப் பக்கத்திலேயே இடம் தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது.

என் மருமகள் மதுரையிலிருந்து திரும்பிய வாரமே குழந்தையின் பெயரைச் சான்றிதழில் சேர்க்க விண்ணப்பித்துவிட்டாள். அச்சான்றிதழின் நகல் இப்போது அவளுடைய கைப்பையில் நிரந்தரமாக இருக்கிறது. வருகிற சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை செல்ல மூவருக்கும் இப்பொழுதே சீட்டு வாங்கப் புறப்பட்டார்கள். போகும் நாளில் குழந்தைக்கு இரண்டு வயது நிறைய மூன்று நாள் இருக்கும். திரும்பும் நாளில் நிறைந்து இரண்டு நாள் ஆகியிருக்கும். போகும்போது மடி, வரும்போது தனி இருக்கை என்று இரண்டு விதமாகச் சீட்டு வாங்கும்படி சொல்லியிருக்கிறேன். "ஐந்து நாளைக்குள் அப்படி என்ன வளர்ந்துவிடப் போகிறான், மாமா?" என்று கேட்டுக்கொண்டே மருமகள் பணத்தைக் கட்டினாள்.